மாஸ்ரரின் வேலைநிறுத்தம்

புத்தூர் பஞ்சலிங்கம் மாஸ்ரர் முதலாளித்துவத்தின் பரம விரோதி. அவருக்குச் செம்மண் தோட்டத்தில் வெங்காயமும், அதைப் பிடுங்கக் கூலிக்குச் சில பெண்களும் இருந்தது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை நெல்லியடி மாநாட்டில் ‘கொதிக்கும் உலகில் உழைப்பாளர்: மார்க்சியம் இன்றும் பொருந்துமா?’ என்று அவர் பேசவேண்டும். பொருந்தும் என்பதில் ஐயமில்லை. நல்ல உதாரணம் ஒன்றுதான் அகப்படவில்லை.

உதாரணம் தோட்டத்துக்குள்ளேயே மயங்கி விழுந்தது. கூலிக்கு வந்த செல்வநாயகியை வேம்பின் கீழ் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, கூடப் பிடுங்கிய தர்சினி நேரே மாஸ்ரரிடம் வந்தாள்.

“மாஸ்ரர், இந்த வெயிலுக்கை ஏலாது. விடிய ஐஞ்சுக்கே வாறம். பதினொரு மணியோடை விடுங்கோ. கூலியைக் குறைக்காதேங்கோ.”

மாஸ்ரருக்குக் கண் கலங்கிவிட்டது. “இதைத்தான் பிள்ளை நானும் எழுதிக்கொண்டிருக்கிறன்! மூலதனம் மண்ணையும் உறிஞ்சுது, மனிசரையும் உறிஞ்சுது.”

“அப்ப நாளையிலையிருந்து விடுறியளோ?”

“அதெப்பிடி? நான் தந்தால் அது தருமம். நீங்கள் போராடி எடுத்தால்தான் உரிமை. முரண்பாடு கனியவேணும்.”

“கனியுமட்டும்?”

“பின்னேரம் வரைக்கும் பிடுங்குங்கோ.”

அடுத்த நாள் பெண்கள் வேம்பின் கீழ் குந்திவிட்டார்கள். மாஸ்ரருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. கோஷ அட்டைகளில் இருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். வேலைநிறுத்தக்காரருக்கு முதலாளி தேத்தண்ணி கொடுப்பது வரலாற்றில் முன்னுதாரணம் இல்லாத செயலாகையால், தோழர் என்ற முறையில் கொடுத்தார். அரசாங்கத்துக்குத் தெரியாத போராட்டம் மாநாட்டில் எடுபடாது என்று தொழில் அலுவலகத்துக்கும் தாமே அறிவித்தார்.

ஆனால் வெங்காயம் வாங்கும் லொறி பின்னேரம் வரவிருந்தது. எனவே, முதலாளி என்ற முறையில், மாஸ்ரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே பிடுங்க இறங்கினார். உச்சி வெயிலில் முதுகு பொரிந்தது. பதினொரு மணிக்குமேல் மனிதர் இதைச் செய்யக்கூடாது என்பது புத்தகத்தின் உதவியின்றியே அவருக்கு விளங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தொழில் உத்தியோகத்தர் சயந்தன் வந்து இறங்கினார். வாகனத்தின் ஏசி உள்ளே ஆளில்லாமலே ஓடிக்கொண்டிருந்தது.

“ஏனம்மா,” என்றார் தர்சினியிடம், “வயசுபோன மனிசனை வெயிலுக்கை விட்டிட்டு நீங்கள் நிழலிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறியள். நியாயமோ?”

மாஸ்ரர் விழுந்தடித்து ஓடிவந்தார். “தம்பி, நான்தான் முதலாளி!”

சயந்தன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “உங்கடை பிரச்சினையே உதுதான் ஐயா. உழைக்கிற ஆக்கள் எல்லாரும் தங்களை முதலாளி எண்டுதான் நினைக்கினம்.”

மாஸ்ரர் தம்மையறியாமல் தலையாட்டிவிட்டார். போன மாநாட்டில் அவர் பேசியதே இதுதான்.

“பதினொரு மணியோடை இவரை விடலாம்தானே?” என்று சயந்தன் தர்சினியிடம் கேட்டார்.

“விடலாம் சேர். ஆனா நான் குடுத்தால் அது தருமம் எல்லோ? அவர் போராடி எடுக்கட்டும்.”

மாஸ்ரர் வெங்காயக் குவியலில் பொத்தென்று இருந்துவிட்டார். “பதினொரு மணி! முழுக்கூலி! பிள்ளையள், நீங்கள் எடுத்திட்டியள்!”

செல்வநாயகிதான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சயந்தன் மனநிறைவோடு அறிக்கை எழுதினார்: ‘தோட்ட உரிமையாளரான பெண்மணி நியாயமானவர். முதலாளிமார் தாமாகவே திருந்திவருவதால், இவ்விடயத்தில் சட்டம் எதுவும் அவசியமற்றது.’

செய்தி பரவியது. பக்கத்துத் தோட்டப் பெண்களும் பதினொரு மணி கேட்டார்கள். “நாங்கள் நாங்களாகவே திருந்துவம் எண்டு அரசாங்கமே எழுதியிருக்கு. பொறுங்கோ,” என்றார்கள் தோட்டக்காரர்கள்.

தர்சினி இதைச் சொல்ல வந்தபோது, மாஸ்ரர் வேம்பின் கீழிருந்து தேத்தண்ணி குடித்தபடி மாநாட்டு உரையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“நல்லது,” என்றார் தலை நிமிராமல். “முரண்பாடு கனியட்டும்.”

மணி பதினொன்று. தோட்டத்தில் பாதி வெங்காயம் இன்னும் மண்ணுக்குள் இருந்தது. பெண்கள் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். தர்சினி மாஸ்ரரின் கையிலிருந்த தேத்தண்ணியை வாங்கி வைத்தாள்.

“கனியுமட்டும் நீங்கள் பிடுங்குங்கோ மாஸ்ரர்.”