இடது காது மடல்

"ஏங்க, தீக்கோழிக்குக் கண்ணு பெருசாம், மூளை அதைவிடச் சின்னதாம்! வழிப்போக்கன் போட்டிருக்காரு, பாருங்க."

பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் மூக்குக்கு நேரே கைப்பேசியை நீட்டினாள் மனைவி. அவர் வாய் நிறைய நுரையோடு படித்தார். படித்ததும் நுரையில் பாதியை விழுங்கிவிட்டார்.

அந்த வரியை எழுதியவரே அவர்தான்.

தினசரி காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் அவருக்குப் புரூப் திருத்தும் வேலை. காலண்டர் தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வருமல்லவா, உடம்புக்கு ஒரு யோசனை, ஊருக்கு ஒரு புத்திமதி, இல்லையென்றால் ஓர் அதிசயத் தகவல் என்று? அந்த முந்நூற்று அறுபத்தைந்து வரிகளையும் இருபத்திரண்டு வருஷமாக எழுதிவருபவர் அவர். லீப் வருஷத்தில் ஒன்று கூடுதல். அதற்காக அவர் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. அச்சகத்தில் அவரை அடிவரிக்காரர் என்பார்கள். தாளில் பேர் கிடையாது. படித்தவர்கள் தாளைக் கிழித்து, சுருட்டி, காது குடைவார்கள்.

தீக்கோழி வரி அடுத்த வருஷக் காலண்டருக்கு எழுதியது. இன்னும் மெஷின் ஏறவில்லை. உலகத்தில் ஒருவரும் படித்திருக்க வழியில்லை.

"ஆஹா, எப்படிங்க இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க?" என்று வழிப்போக்கனுக்குப் பதில் தட்டினாள் மனைவி. கூடவே மூன்று பூ.

'அரட்டை மூலை' என்ற அந்த ஆன்லைன் குழுவில் நாற்பது பேர். இந்தத் தம்பதியைத் தவிர ஒருவரும் ஒருவரை நேரில் பார்த்ததில்லை. காலையில் மூட்டுவலி, மத்தியானம் நாட்டு நடப்பு, சாயங்காலம் ஒட்டகச்சிவிங்கி என்று பேச்சு ஓடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று அடிவரிக்காரர் அதில் போட்டார். கட்டைவிரல் ஒன்றே ஒன்று விழுந்தது. அதையும் போட்டவர், கை பட்டுவிட்டது என்று சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டார். பாவம் என்று மனைவி ஓர் ஆஹாவும் மூன்று பூவும் போட்டாள். உடனே குழுவின் பல் டாக்டர், "வீட்டு ஓட்டு விழுந்தாச்சு. வெளி ஓட்டு யாராவது போடுங்கப்பா" என்று எழுத, நாற்பது பேரும் ஒரு வாரம் சிரித்தார்கள்.

"இனிமே என் வரிக்கு நீ ஆஹா போடக் கூடாது. மானம் போகுது" என்றார் அவர்.

"சரிங்க" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அந்தம்மாவை மிஞ்ச ஆள் இல்லை. அன்றிலிருந்து அவர் எழுதியதற்கு ஒரு பூ விழுந்ததில்லை.

இப்போது இந்த வழிப்போக்கன் வந்து நாலு மாதம். வந்த வாரமே அதே ஆக்டோபஸை இறக்கினான். முப்பத்தெட்டு இதயங்கள் விழுந்தன. மூன்றே இதயமுள்ள ஒரு பிராணிக்கு அது அதிகம் என்பது அடிவரிக்காரரின் அபிப்பிராயம்.

வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் குழுவில் எழுதினார்: "இது நான் எழுதின வரி!"

"அண்ணே, வயிறு எரியுதா?" என்றார் பல் டாக்டர். அவ்வளவுதான், வைத்தியம் குவிந்தது. ஒருவர் சீரகத் தண்ணீர் என்றார், ஒருவர் இடது பக்கம் படுக்கச் சொன்னார். குழுவின் தலைவியான பெரியக்கா, "பொறாமைக்கு மூச்சுப் பயிற்சி நல்லது தம்பி" என்று முடித்துவைத்தார்.

அச்சகத்தில் அவர் மனம் விட்டுப் பேசுவது ஒரே ஆளிடம்தான். எதிர்மேஜை பைண்டர். கை எப்போதும் பசையில் இருக்கும், வாய் எப்போதும் மூடியிருக்கும். சனிக்கிழமைதோறும் புரூப் தாள்கட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பவனும் அவனே.

"எவனோ என் புரூப்பைத் திருடிப் படிக்கிறான்டா" என்றார்.

"சரிண்ணே" என்றான் பைண்டர்.

"இனிமே ஒரு தாள்கூட இங்க வைக்கப் போறதில்ல. தினம் வீட்டுக்கே கொண்டுபோயிடப் போறேன்."

"சரிண்ணே."

அப்படியே செய்தார். தினமும் தாள்கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்தார். வேறு யாரை நம்புவது? அந்த வாரம் முதல் வழிப்போக்கன் தினமும் ஒன்றுக்கு இரண்டாகப் போட ஆரம்பித்தான்.

அடிவரிக்காரர் இளைத்தார். பிறகு ஒரு நாள் குளிக்கும்போது அவருக்கு யோசனை உதித்தது. பொறி வைப்பது. திருடன் எதை வைத்தாலும் எடுப்பான். எடுக்கட்டும், ஒரு பச்சைப் பொய்யை எடுக்கட்டும். நாற்பது பேர் முன்னால் அவன் முகமூடியைக் கிழித்துவிட்டு, இரண்டாம் புரூப்பில் அந்த வரியை நீக்கிவிடலாம்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதித் தாளில் இப்படி எழுதி, அச்சுக்கோக்கக் கொடுத்து, புரூப்பை வழக்கம்போல வீட்டுக்குக் கொண்டுவந்தார்: 'தினமும் காலையில் இடது காது மடலை மூன்று நிமிடம் கீழ்நோக்கி இழுத்துவிட்டால் ஞாபக சக்தி பெருகும்.'

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எழுதிய முதல் பொய்.

மறுநாள் அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, கைப்பேசியும் கையுமாக வீட்டில் உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு வழிப்போக்கன் பொறியில் விழுந்தான். "மாட்டினடா!" என்று எழுந்து நின்று, "இது பொய்! ஆதாரம் இருந்தால் காட்டு!" என்று அடித்தார்.

ஆதாரம் உடனே வந்தது. "இப்பதான் இழுத்தேன். தொலைஞ்ச மூக்குக் கண்ணாடி தலைமேலதான் இருக்குன்னு ஞாபகம் வந்துடுச்சு" என்றார் பெரியக்கா. "எனக்குப் பள்ளிக்கூட வருகைப்பதிவு எண் ஞாபகம் வருது" என்றார் பல் டாக்டர். மத்தியானத்துக்குள் இருபத்தாறு பேர் குணமடைந்திருந்தார்கள்.

சாயங்காலம் அச்சக முதலாளி போன் செய்தார். "அடிவரி, நீங்க லீவுல இருந்தீங்க. வேலை தேங்குதேன்னு ஆகஸ்டை அப்படியே மெஷின்ல ஏத்திட்டோம். நாற்பதாயிரம் அடிச்சாச்சு."

அவருக்குக் காது அடைத்தது. வலது காது.

இனி அது தன் பொய் என்று வாய் திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டால் வழிப்போக்கன் மகான் ஆகிவிடுவான். வீட்டில் மட்டுமாவது உண்மையின் நிழலைக் காட்டலாம் என்று பார்த்தார்.

"அந்தக் காது விஷயம் சுத்தப் பொய்" என்றார், கண்ணாடி முன்னால் மடலை இழுத்துக்கொண்டிருந்த மனைவியிடம்.

"உங்களுக்கு என்னங்க பொறாமை? எழுதினவர் தெரியாமலா எழுதியிருப்பார்?" என்று அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். "எனக்கு வேலை செய்யுது. கல்யாணமான மூணாம் மாசம் பஸ்ல ஜன்னலோரம் நீங்க உட்கார்ந்துட்டு, அடுத்த தடவை உனக்குன்னீங்க. அந்த அடுத்த தடவை இன்னும் வரல."

அச்சகத்திலும் நிம்மதி இல்லை. முதலாளி அடித்த தாளைப் படித்திருக்கிறார். இடது காது தக்காளி மாதிரி சிவந்திருந்தது. "அடிவரி, உங்க மாமா செத்துட்டார்னு லீவு எடுத்தீங்கள்ல? ஞாபகம் வருது. மூணு தடவை செத்திருக்காரு."

இதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தபோது பெரியக்கா அறிவித்தார்: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நேரில் சந்திப்பது, வழிப்போக்கனைப் பாராட்டுவது, பாராட்டிப் பேச அடிவரிக்காரரின் மனைவி.

வெள்ளிக்கிழமை காலை. மனைவியின் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் நாலாக மடித்த ஒரு தாள் கிடைத்தது. அவர் புரூப் பார்க்கிற ஆள். எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் இருக்க முடியாது.

'இவருடைய வரிகளை நான் தினமும் இரண்டு தடவை படிக்கிறேன். முதல் தடவை விஷயத்துக்காக. இரண்டாவது தடவை, இவ்வளவு தெரிந்த மனிதர் இவ்வளவு அடக்கமாக இருக்கிறாரே என்பதற்காக. இவர் வாழும் காலத்தில் வாழ்வதே எனக்குப் பெருமை.'

ஒரு பிழைகூட இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் தனக்கு இப்படி ஒரு வாக்கியம் எழுதியிருப்பாளா? எழுதியது ஒரு மளிகைப் பட்டியல். அதில் பருப்புக்கு 'ப்' கிடையாது.

அச்சகத்துக்கு நேரே போய் பைண்டரின் மேஜைமேல் உட்கார்ந்தார். பசைக் கிண்ணத்தின்மேல்தான் உட்கார்ந்தார், கவனிக்கவில்லை. காதுப் பொய்யிலிருந்து கண்ணாடிக் கூடு வரை கொட்டித் தீர்த்தார்.

"அவ என் பொண்டாட்டிடா. என்னோட வரியைப் படிச்சுட்டு இன்னொருத்தனுக்கு உருகுறா. ஞாயித்துக்கிழமை அவன் மூஞ்சியைப் பார்த்தேன்னா, இந்த இரும்பு ஸ்கேலாலயே..."

பைண்டர் இந்தத் தடவை சரிண்ணே என்று சொல்லவில்லை. பசைக் கையை மேல்துணியில் துடைத்தான். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினான். திரையில் அரட்டை மூலை திறந்திருந்தது. எழுதும் இடத்துக்குமேல் அவன் பெயர் இருந்தது: வழிப்போக்கன்.

அடிவரிக்காரர் ஸ்கேலை ஓங்கிக்கொண்டு எழப் பார்த்தார். பசை காய்ந்துவிட்டிருந்ததால் மேஜையும் கூடவே எழுந்தது.

"அடிக்கிறதுன்னா அப்புறம் அடிங்கண்ணே" என்றான் பைண்டர், மேஜையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு. "உங்க பேர்ல வந்தா ஆஹா போடக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களாம், அதான் அண்ணி தினம் உங்க வரியைப் பார்த்து எனக்கு அனுப்பி, என் பேர்ல போடச் சொல்லிட்டு, அங்க வந்து உங்களைப் பாராட்டிட்டுப் போறாங்க."