டிக்கெட் கேட்ட பேய்

பெரியகல்லாற்றில் இந்த வருசம் கோயில் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு சனம் சேரவில்லை. ஒரு பஸ்சைப் பார்க்கத்தான் சேர்ந்தது. ஓடாமல், ஹோன் அடிக்காமல், வாவிக்கரையில் சும்மா நின்ற பஸ். ஆனால் அதற்குள் பேய் இருந்தது. பேய் இருக்கும் இடத்துக்குக் கடலை விற்கும் கச்சான்காரன் வராமல் இருப்பானா? ஐஸ்கிறீம்காரன் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். வாகரையிலிருந்து ஒரு வான் நிறையச் சனம் வந்து இறங்கியது. அங்கே பேய்த் தட்டுப்பாடு போலும்.

பஸ் ஆர்த்திகாவுடையது. குவைத்தில் வருசக்கணக்காக யாரோ வீட்டுப் பாத்திரம் கழுவி உழைத்ததையெல்லாம் போட்டு, பழைய பஸ் ஒன்றை வாங்கி, சீற்றுகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு, பிறிட்ஜ், கழிப்பறை எல்லாம் வைத்து, ஓடுகிற வீடாக மாற்றியிருந்தாள். வெளிநாட்டுக்காரர் வந்து வாவிக்கரையில் தங்குவார்கள், இனிக் குவைத் போகத் தேவையில்லை என்பது அவள் எண்ணம். முதல் விருந்தாளிகள் வர நாளும் குறித்தாகிவிட்டது. அதற்குள் பஸ் ஆட்களை அடிக்கத் தொடங்கியது.

அடி என்றால் அடி. தகரத்தில் கை வைத்தால் தோள்மூட்டு வரை இழுத்துவிட்டது. முதல் அடி வாங்கியவன் அவள் புருசன் விஜிதரன். புது வாகனம் என்ற பக்தியில் வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றி, கால் கழுவி, தொட்டுக் கும்பிட்டுத்தான் ஏறுவான். கும்பிடப் போன கையைப் பஸ் தட்டிவிட்டது. அடுத்தது பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை. உடுப்புக் கழுவிவிட்டு ஈரக்காலோடு புதினம் பார்க்க வந்தவள். அவள் போட்ட கூச்சலில் ஊர் கூடிற்று. கூடிய ஊருக்கு ஒரு காரணம் வேண்டுமே? முந்தி இந்தப் பஸ்சில் வேலை செய்த கொண்டக்டர் ஒருவன் செத்துப்போனானாம், அவன் ஆவிதான் டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவர்களை அடிக்கிறது என்று முடிவாயிற்று. கொண்டக்டர் யார், எப்போது செத்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை கெட்டுப்போயிருக்கும்.

பஸ்சுக்குள் லைட்டுகள் பஸ்சின் பற்றறியில் எரியும். பிறிட்ஜுக்கு மட்டும் வீட்டில் சமைக்கிற குசினியிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்திருந்தான் விஜிதரன். கொடுத்த அன்றே வீட்டு ட்ரிப் சுவிச் விழத் தொடங்கியது. கரண்ட் போகக் கூடாத இடத்துக்குப் போகிறது என்று சொல்லத்தான் அந்தச் சுவிச் விழுகிறது. விஜிதரன் என்ன செய்தான்? "இது பெரிய கரைச்சல்" என்று அதை விலத்திவிட்டு நேரே வயரைக் கொடுத்தான். உண்மை சொன்ன ஒரே சாமானின் வாயையும் கட்டியாயிற்று. இனிப் பேய்க்கு என்ன தடை?

பிறகு அவன் போய் வாகன சித்தர் சாமித்தம்பி அடிகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். வாகனங்களில் ஏறும் பேய்களை மட்டும் பார்க்கிற ஸ்பெசலிஸ்ட். முந்தி வீடுவீடாக வயரிங் வேலை செய்தவர். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "நல்ல தொழிலை உதறிவிட்டுத் துறவுக்கு வந்த மகான்" என்று அதையும் புகழாகவே பேசினோம்.

அடிகள் காவி கட்டி, காலில் மரக்குறடு போட்டு, டக் டக்கென்று வந்தார். பஸ்சைச் சுற்றினார். கையை ஓங்கித் தகரத்தில் ஓர் அறை விட்டார். நாங்கள் பின்னால் பாய்ந்தோம். அவருக்கோ ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் அறைந்தார். பஸ்சைக் கட்டிப்பிடித்தார். பேய் பெட்டிப்பாம்பாக அடங்கிக் கிடந்தது.

"பாத்தீங்களா? நம்மளக் கண்டா அவனுக்கு நடுக்கம்," என்றார். "நீங்களும் சோதிச்சுப் பாருங்க. ஆனா சுத்தமா வரணும். வாவியில முங்கி, ஈர உடுப்போட, செருப்பில்லாம வரணும்."

முங்கினோம். ஈரம் சொட்டச் சொட்ட வெறுங்காலோடு வரிசையில் நின்றோம். ஒவ்வொருவராகப் போய் விரல் நுனியால் தொட்டு, "ஐயோ!" என்று துள்ளி, பரவசத்தோடு திரும்பினோம். அடி வாங்குவதற்கு இடம் பிடித்துச் சண்டை போட்ட கூட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கடைசியில் அடிகள் தீர்ப்புச் சொன்னார். "இவன் இறங்கமாட்டான். வண்டிய நம்மட மடத்துக்குத் தாங்க. அங்க கட்டி வச்சிருவம். இல்லாட்டி இந்த வீட்டில ஒரு உசிரு போகும்."

மடத்தில் ஏற்கனவே இப்படிக் கட்டிவைத்த இரண்டு வான்கள் இருந்தன. கட்டிவைத்தது பேயைத்தான். வான்கள் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன.

விஜிதரன் சாவியை எடுக்கப் போனான். ஆர்த்திகா அதை முந்தி எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்க, இந்தப் பஸ் என்னை ஒருநாளும் அடிக்கல்லையே. அது ஏன்?"

"உனக்கு இன்னும் நேரம் வரல்லயாம். சாமி சொன்னாரு."

ஆர்த்திகா யோசித்தாள். எங்கள் ஊரில் அந்த வாரம் யோசித்த முதல் ஆள் அவள்தான். குவைத்தில் பழகியபடி வீட்டுக்குள்ளும் வெளியிலும் றப்பர் செருப்போடு திரிகிறவள். செருப்புப் போட்டவளை விட்டுவிட்டு வெறுங்காலைப் பார்த்து அடிக்கிற பேய் என்ன பேய்? குசினிக்குப் போய் வயரின் நுனியைப் பார்த்தாள். மூன்று கால் பிளக் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கால் பிளக். சுவர்ச் சொக்கற்றின் மேல் ஓட்டைக்குள் ஈர்க்கைக் குத்தித் திறந்து, செருகி வைத்திருந்தது. நாங்கள் எல்லோரும் வீட்டில் செய்கிற வேலைதான். கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் வயருக்கு அங்கே இடமே இல்லை. பிறிட்ஜில் கசிந்தது பஸ் தகரம் முழுக்கப் பரவி, றப்பர் டயருக்கு மேலே போக்கிடம் இல்லாமல் நின்றது. ஈரக்காலோடு யார் தொட்டாலும் அவர் உடம்பு வழியாக இறங்கியது. குவைத் வீட்டில் தண்ணீர் சூடாக்கும் மெசின் அடித்தபோது, திருத்த வந்தவன் அவளுக்கு விளக்கியதும் இதைத்தான்.

புருசனிடம் சொன்னாள்.

"சாமிய விட நீ பெரிய ஆளா?" என்றான் அவன்.

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இளமையை விற்று வாங்கிய பஸ். அதை ஒரு மரக்குறடு கொண்டுபோகப் பார்க்கிறது. அழுதுகொண்டிருந்தால் கொண்டுபோயும் விடும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சாவி கைமாறும் சடங்கு என்று விஜிதரன் நாள் குறித்துவிட்டான். மழை பெய்து கரை நசநசவென்று கிடந்தது. அடிகள் பஸ் கதவடியில் வந்து நின்றார். ஆர்த்திகா குசினிக்குள் போய்விட்டு வந்தாள். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"சாமி, சாவி தாறன். அதுக்கு முதல் குறட்டக் கழட்டிட்டு, வெறுங்காலோட ஒருக்கா அவனத் தொட்டுக் காட்டுங்க."

அடிகள் பஸ் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே லைட் எரிந்துகொண்டிருந்தது. அவர் முகம் சுருங்கியது.

"குறடு குருநாதர் தந்தது. கழட்டப்படாது."

"எங்கள மட்டும் செருப்பில்லாம வரச்சொன்னீங்க. உங்களுக்குச் சுத்தம் வேணாமா?"

ஏறாவூரிலிருந்து புதினம் பார்க்க வந்திருந்த முகைதீன்பாவா கூட்டத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: "கேக்கிறது ஞாயம்தானே! தொடுங்களன் சாமி!"

இந்த இடத்தில்தான் விஜிதரனின் பக்தி உதவியது. பெண்டாட்டி சாமியைச் சந்தேகப்படுகிறாளே என்ற வெட்கத்தில் ஓடிப்போய்க் காலில் விழுந்தான். "நீங்க குனிய வேணாம் சாமி, நானே கழட்டி விடுறன்!" ஒரு குறட்டை உருவியும் விட்டான். அடிகள் ஒற்றைக்காலில் தள்ளாடினார். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் பஸ் கதவு இருந்தது. அதைப் பிடிக்காமல் கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு அலறினார்:

"விடுடா மடையா! கரண்ட் அடிச்சுச் செத்துருவன்!"

கச்சான்காரன்கூட சுருள் சுற்றுவதை நிறுத்தினான்.

"என்ன அடிக்கும் சாமி?" என்று கேட்டாள் ஆர்த்திகா.

அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முன்னால் நீட்டினாள். குசினிச் சுவரிலிருந்து பிடுங்கி, ஜன்னல் வழியாக இழுத்தெடுத்த பிளக், வயரோடு அதில் இருந்தது.

"கரண்ட் இல்ல. அந்த லைட் பற்றறியில எரியுது."

செருப்பைக் கழற்றினாள். வாவித் தண்ணீரில் காலை நனைத்தாள். வந்து இரண்டு கையாலும் பஸ்சைக் கட்டிக்கொண்டாள். கொண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை.

ஆச்சிப்பிள்ளை பயந்து பயந்து தொட்டுப் பார்த்தாள். "அப்ப எனக்கு அடிச்சது ஆருகா?"

"பிறிட்ஜ், மாமி. இந்தாள் உங்கள எல்லாம் முங்கி வரச்சொன்னாரே, அதில ஒரு நோயாளி நிண்டிருந்தா மறுகா நாம செத்தவீடுதான் செஞ்சிருப்பம்." அடிகள் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுகொண்டே சொன்னவரு!"

அடிகள் மற்றக் குறட்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். வெறுங்காலோடு நன்றாகவே ஓடினார். வான்களை இழந்தவர்கள் அன்றே மடத்துக்குப் போய், தங்கள் தங்கள் பேய்களை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். விஜிதரன் ட்ரிப் சுவிச்சைப் பழையபடி பொருத்துவித்தான். எர்த் வயரும் வந்தது, பிறிட்ஜும் மாறியது, விருந்தாளிகளும் வந்தார்கள். பஸ் இன்றுவரை ஒருவரையும் அடிக்கவில்லை.

கூட்டம் கலையும்போது ஒருவர் சொன்னார்: "எண்டாலும் சாமிக்கிட்ட ஏதோ ஒண்டு இருக்கு."

இருக்கத்தான் செய்கிறது. ஆர்த்திகாவை விட்டால், அந்தக் கரையில் பேயை நம்பாமல் நின்ற ஒரே ஆள் அவர்தான். பேயை விற்றவரே அதை நம்பவில்லை. வாங்கிய நாங்கள்தான் ஈர உடுப்போடு வரிசையில் நின்றோம். தலையைத் துவட்டும்போது, ஐயாமாரே, அம்மாமாரே, அதற்குள் இருப்பதையும் ஒருதரம் பாவித்துப் பாருங்கள். அதற்கு மடத்தில் அனுமதி கேட்கத் தேவையில்லை.