ஒரே ஒரு செட்டிங்

கம்ப்யூட்டர் திறக்காத வீடு எது என்று மோப்பம் பிடித்து, அழைக்காமலே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும் ஓர் இனம் உண்டு. அதற்குத் 'தள்ளு, நான் பாக்குறேன்' என்று பெயர். வேறு நல்ல பெயராக வைக்கலாமே என்று யாராவது முன்வந்தால், அவரையும் தள்ளச் சொல்லிவிட்டுத் தானே வைத்துக்கொள்ளும்.

படாளம் என்ற ஊரில் இந்த இனத்தின் தலைசிறந்த உருப்படி தனகோடி. சிறுசேரி ஐ.டி. பூங்காவுக்கு ஷட்டில் வேன் ஓட்டுகிறார். ஏழு வருடமாக சாஃப்ட்வேர் ஆட்களை முதுகுக்குப் பின்னால் ஏற்றிச் சென்றதில், அவர்கள் தூங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கசிந்த கம்ப்யூட்டர் ஞானமெல்லாம் இவருடைய பின்னந்தலை வழியாக உள்ளே இறங்கிவிட்டது என்பது ஊரின் நம்பிக்கை. அவருடைய நம்பிக்கையும் அதுவே. அவர் வேனின் கண்ணாடியை நீங்கள் ஒரு நூல் திருப்பிப் பாருங்கள், அன்றைக்கு நடந்துதான் வேலைக்குப் போவீர்கள். அது வேறு விஷயம்.

போன செவ்வாய்க்கிழமை காலை, ரெஜினா வீட்டுக் கம்ப்யூட்டர் மூன்று முறை 'பீப்' என்று கத்திவிட்டுக் கறுப்புத் திரையோடு அடங்கிப்போனது. பதினொரு மணிக்கு அவர் மகள் ஜெனிட்டாவுக்கு வீடியோவில் இன்டர்வியூ. செங்கல்பட்டில் ஒரு கம்பெனி. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்று போன் செய்பவர்களுக்கு வழி சொல்லும் வேலை. செல்போனில் வரக் கூடாது, கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும் என்று கண்டிப்பு. எட்டு மாதம் காத்திருந்து வந்த அழைப்பு. மணி பத்து.

யாரும் கூப்பிடவில்லை. காலை ட்ரிப்பை முடித்துவிட்டுத் தனகோடி வந்தார். பெட்டியின் மேல் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்த்தார். பிறகு, இந்த இனம் தவறாமல் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"கடசியா யாரு தொட்டது?"

எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தொட்டவருக்கு என்ன தண்டனை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதன் பின் ஒயரைப் பிடுங்கி மறுபடி அதே இடத்தில் சொருகி, பிளக்கை முறைத்து, விண்டோஸ் பழசு என்று முனகி, டீ கேட்டு, டீயில் சர்க்கரை போதவில்லை என்பதையும் கம்ப்யூட்டரின் குறையாகவே அறிவித்து, கடைசியில் மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ரேம் என்ற மெமரிப் பட்டையை உருவி, பென்சில் ரப்பரால் அதன் பல்வரிசையைத் தேய்த்து, ஊதி, சொருகினார்.

திரை வெளிச்சமானது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மணி பத்தே முக்கால்.

அந்த நொடியில் எழுந்து போயிருந்தால் அவருக்கு மாலை போட்டிருப்பார்கள். ஆனால் ஒழுங்காக ஓடும் கம்ப்யூட்டரைச் சும்மா விட்டுப் போன 'தள்ளு, நான் பாக்குறேன்' எங்காவது உண்டா?

"போதும்ணா, அதான் ஓடுதே," என்றாள் ஜெனிட்டா.

"ஓடுது. எழுத்து எறும்பாட்டம் கீது பாரு. இரு பாப்பா, ஒரே ஒரு செட்டிங்."

எழுத்து பூசணிக்காய் அளவுக்கு ஆனது. அதைக் குறைக்கப் போனதில் மவுஸ் இடக்கைப் பழக்கத்துக்கு மாறியது. அதைத் திருத்தப் போனதில், எதைத் தொட்டாலும் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் அதன் பெயரை வாசிக்க ஆரம்பித்தது. அந்தம்மாவை அடக்கப் போனதில் திரை மொத்தமாகப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. மணி பத்து ஐம்பத்தெட்டு.

"தானா எந்திரிச்சிக்கும்," என்றார் தனகோடி.

ரெஜினா அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். ஜெனிட்டா இடது தோளில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, திரையில் படுத்திருந்த அதிகாரியோடு இருபது நிமிடம் பேசினாள். கழுத்துச் சுளுக்கா என்று அவர் பரிவோடு விசாரித்தார். இல்லை சார், செட்டிங் என்றாள். பிறகு கடைசிக் கேள்வி வந்தது: ஒருவர் போன் செய்து கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்கிறார், முதலில் என்ன கேட்பாய்?

ஜன்னலுக்கு வெளியே தனகோடி, ரப்பர் தேய்ப்பதுபோல் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல யாராச்சும் நின்னுகினு இருக்காங்களான்னு கேப்பேன் சார். இருந்தா, மொதல்ல அவங்கள வெளிய அனுப்பச் சொல்வேன்."

மறுமுனையில் அதிகாரி ஒரு முறை திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டார். அந்த அலுவலகத்திலும் ஒரு தனகோடி இருந்திருக்க வேண்டும். அடுத்த மாதமே சேர முடியுமா என்று கேட்டார் அதிகாரி.

வேலை தன் ரப்பரால் கிடைத்தது என்று தனகோடி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். திரை படுத்துக்கொண்ட இடத்தைப் படிக்கும்போது, 'கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு மேல் அம்பை அழுத்தினால் எழுந்துவிடுமே' என்று உங்கள் விரல் துடித்ததா? அல்லது, மானிட்டரையே தூக்கிப் படுக்கவைத்திருக்கலாமே என்று தோன்றியதா?

அந்தத் திரை இன்னும் படுத்தேதான் கிடக்கிறது. ரெஜினா வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். உங்களுக்காகத்தான்.