ரிமோட் என் கையில்

இந்த வருஷம் முடிவதற்குள் வீட்டு ரிமோட்டைக் கைப்பற்றியே தீருவது என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சபதம் செய்தேன். என் வீட்டில் நான் சொல்வதற்கு எதிர்ப்பேச்சு வராத ஒரே இடம் அதுதான்.

என் பிழைப்பே டிவி விற்பது. கடையில் சுவர் முழுக்க டிவி. கலர் எப்படி என்று காட்டுவதற்காக நாள் பூரா கிளிகளும் நீர்வீழ்ச்சிகளும் ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன நடக்கும் என்று ஊருக்கே பாடம் எடுப்பவன் நான். வீட்டுக்கு வந்தால் என்னால் அமுக்க முடிகிற பொத்தான் வாசலில் இருக்கும் அழைப்பு மணி ஒன்றுதான்.

எனக்குச் சண்டைப் படம் வேண்டும். கதாநாயகன் ஓர் உதை விட்டால் அடியாள் கூரையைப் பிய்த்துக்கொண்டு அடுத்த தெருவில் போய் விழ வேண்டும். மனைவிக்குக் கொலைத் தொடர் வேண்டும். இன்னொரு டிவி வாங்கிவிடலாமே என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"ரெண்டு டிவி வாங்கினா வீடு ரெண்டாயிடும்ங்க" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சரி, கொலைத் தொடரையாவது மானத்தோடு பார்க்க முடிகிறதா? கொலைகாரன் யார் என்று அவள் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவாள். "யாரு அநாவசியத்துக்கு நல்லவனா இருக்கானோ அவன்தாங்க" என்பாள். அப்படியே இருக்கும். நானும் சளைக்காமல் யார் மேலாவது சந்தேகப்படுவேன். நான் சந்தேகப்பட்ட ஆள் அடுத்த பாகத்திலேயே பிணமாகிவிடுவான்.

அன்றைக்கு ஒரு புதுத் தொடர் ஆரம்பித்தது. பெரிய மாளிகை, பணக்காரக் கிழவர், முதுகில் கத்தி. எல்லாப் பாகங்களும் ஒரேயடியாக வந்துவிட்டன. ஆனால் எங்கள் வீட்டுச் சட்டப்படி சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, தினம் ஒன்றுதான். அங்கேதான் எனக்கு வழி தெரிந்தது.

"இந்தத் தடவை கொலைகாரன நான் கண்டுபிடிச்சா?"

"நீங்களா?" அவள் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் வலித்தது.

"கண்டுபிடிச்சா ஒரு வருஷத்துக்கு ரிமோட் எனக்கு."

"தோத்தா?"

"நீ போடுறதை எல்லாம் வாயை மூடிக்கிட்டுப் பாக்கறேன்."

"இப்பவும் அதைத்தானே பண்றீங்க?"

"இப்ப முணுமுணுக்கறேன்ல? அது இருக்காது. ஆனா ஒண்ணு. தோத்தவங்க ரிமோட்டத் தொடவே கூடாது. தூசி தட்டக்கூடத் தொடக்கூடாது."

"சரிங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சந்தேகப்படுவதில் என் லட்சணம்தான் தெரியுமே!

மறுநாள் முதலாளி சாப்பிடப் போனதும், கிளிகளை நிறுத்திவிட்டுக் கடைசிப் பாகத்தைப் போட்டேன். ஒரு டிவியில் போட்டால் எல்லாவற்றிலும் வரும். கிழவரின் தம்பி, சக்கர நாற்காலியில் ஐயோ பாவம் என்று கிடந்த சித்தப்பா, சுவர் முழுக்க ஒரே சமயத்தில் எழுந்து நின்றார். டிவி வாங்க வந்திருந்த ஒரு பெரியவர் "அடப்பாவி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை நின்று பார்த்துவிட்டு, டிவி வாங்காமலே போனார். போகட்டும். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

சாயங்காலம் சோபாவில் சாய்ந்துகொண்டு, "சித்தப்பாதான்" என்றேன்.

"அந்த நடக்க முடியாதவரா?"

"நடப்பாரு. பாரு."

"எனக்கென்னமோ தோட்டக்காரன்னு படுது" என்றாள் மனைவி.

தோட்டக்காரனா! எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்துபோய் அடுப்படியில் சிரித்துவிட்டு வந்தேன்.

கடைசிப் பாகமும் வந்தது. கத்திக் காட்சி என்றால் எனக்கு ஆகாது. முதலில் அலறுவேன், அப்புறம்தான் தலையணையால் முகத்தை மூடுவேன். எப்போதும் அந்த வரிசைதான். அன்று கத்தி வருவதற்கு முன்னாலேயே தலையணையைத் தூக்கிவிட்டேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சித்தப்பா எழுந்தார். நானும் எழுந்தேன்.

"நான் சொல்லல? நான் சொல்லல?"

"சொன்னீங்க. ஒத்துக்கறேன்" என்று ரிமோட்டை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் வேலை முடிந்து, சண்டைப் படக் கனவோடு வீட்டுக்கு ஓடி வந்தால், சோபாவில் என் மாமியார். கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் பெட்டி. பெட்டி பெரிய பெட்டி.

"அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன், நம்ம வீட்டுலதான் ஓய்வுன்னு அன்னிக்கே சொன்னேனே. ‘உம்’னீங்களே" என்றாள் மனைவி.

மாமியார் என் காலடிச் சத்தம் வந்த பக்கம் கையை நீட்டினார். "மாப்பிள்ளை! கொஞ்ச நாளைக்கு டிவிய நிமிந்துகூடப் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. என் சீரியல் எல்லாம் போச்சேன்னு அழுதேன். நீங்க என்னடான்னா, ‘அத்தைக்கு நானே பாத்துச் சொல்றேன்’னு ரிமோட்டயே வாங்கி வச்சிக்கிட்டீங்களாமே! பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாதுங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"நீயே போட்டுச் சொல்லேன்" என்று ரிமோட்டை நீட்டினேன்.

"ஐயோ, நான் தொடக்கூடாதுங்க" என்று இரண்டடி பின்னால் போனாள்.

சீரியல் ஆரம்பித்தது. வசனம் வரும்போது பிரச்சினை இல்லை, மாமியாருக்குப் பாம்புச் செவி. ஆனால் சீரியலில் யார் பேசுகிறார்கள்? முறைக்கிறார்கள்!

"சத்தத்தையே காணோமே மாப்பிள்ளை. என்ன நடக்குது?"

"மருமக பாக்கறா அத்தை."

"யாரை?"

"மாமியாரை."

"மாமியாரு?"

"அவங்களும் பாக்கறாங்க."

"எப்படிப் பாக்கறாங்க? கோவமாவா, அழுகையாவா?"

"ஒரு கண்ணுல கோவம், ஒரு கண்ணுல அழுகை."

"இப்ப?"

"இப்ப நாத்தனார் பாக்கறா."

"சரியாப் பாத்துச் சொல்லுங்க. மூக்கு விடைக்குதா?"

நாத்தனாரின் மூக்குக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். விடைத்தது. சொன்னேன். அது முடிந்தால் அடுத்தது. அடுத்தது முடிந்தால் அதற்கடுத்தது. எல்லா வீட்டிலும் முறைத்தார்கள். ஒரே ஒரு தடவை, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சண்டைப் படத்துக்கு மாற்றினேன். "யாரு அடிக்கறா? யாரு விழுந்தா? ஏன் அடிக்கறான்? விழுந்தவன் பொண்டாட்டி எங்கே?" என்று மாமியார் திணற அடித்துவிட்டார். சீரியலே தேவலை என்று திரும்பி வந்தேன்.

விளம்பரம் வந்த நேரம் பார்த்து அடுப்படிக்கு ஓடினேன். மனைவி நிம்மதியாக மேடைமேல் செல்போனைச் சாய்த்து வைத்து ஏதோ கொலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒரு உண்மை சொல்லிடறேன். நான் கடையிலேயே கடைசிப் பாகத்தைப் பாத்துட்டேன். கள்ளாட்டம். பந்தயம் செல்லாது. இந்தா ரிமோட்."

"தெரியும்ங்க. கத்தி வர்றதுக்கு முன்னாடியே தலையணையைத் தூக்கினீங்களே."

"தெரிஞ்சுமா தோத்த? சித்தப்பாவை விட்டுட்டு, போயும் போயும் தோட்டக்காரனையா சொல்லுவாங்க?"

"தப்பான ஆளைச் சொல்லணும்னா சரியான ஆள் யாருன்னு தெரிஞ்சிருக்கணும்ல? நீங்க பந்தயம் கட்டறதுக்கு முன்னாடியே நான் கடைசிப் பாகம் வரைக்கும் பாத்து முடிச்சாச்சு."

"அப்ப நீயும் கள்ளாட்டம்!"

"நீங்களும் கள்ளாட்டம், நானும் கள்ளாட்டம், சரிக்குச் சரியாப் போச்சு. பந்தயம் செல்லும். போங்க, அம்மா கூப்பிடறாங்க, யாரோ முறைக்க ஆரம்பிச்சிட்டாங்க போல."