தங்கமணிக்கு நான் சொன்ன ஆலோசனை

பேச ஆரம்பித்துவிட்டால் எதிரில் இருப்பது யார் என்பதே எனக்குக் கண்ணில் படாது. இந்தக் குறையை நான் ஒரே ஒருமுறைதான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதுவும் எழுத்துமூலமாக, தேதி போட்டு, கல்லூரி முதல்வருக்கு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து கோயம்புத்தூருக்கு வந்து, ஒரு கலை அறிவியல் கல்லூரியின் பொருளியல் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆளும் சின்ன உருவம். விறைப்பாகக் கஞ்சி போட்ட புடவை, மூக்குக் கண்ணாடி (பவர் கிடையாது, சும்மா ஒரு கம்பீரத்துக்கு) என்று எவ்வளவோ செய்து பார்த்தேன். அப்படியும் வாசல் காவலாளி வாரம் இரண்டு முறையாவது, "ஐ.டி. கார்டு எங்க அம்மணி?" என்று கேட்டு மாணவிகள் வரிசையில் நிறுத்திவிடுவார். ஆகவே, என்னை யாராவது ஒருவர் முழுப் பேராசிரியராக மதிக்கவேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு வெறியே இருந்தது.

அந்த நேரத்தில்தான் துறைத்தலைவர் இருபது முதலாண்டு மாணவர்களை என் பொறுப்பில் விட்டு, நான்தான் அவர்களுக்கு ஆலோசகர் என்றார். வேலை மிகச் சுலபம். ஒவ்வொருவரையும் வீட்டாரோடு வரச்சொல்லி, எவை கட்டாயப் பாடம், எவற்றை அவர்களே தேர்ந்தெடுக்கலாம் என்று விளக்கவேண்டும். விருப்பப்பாடத்தைப் படிவத்தில் குறித்து, இரண்டு கையெழுத்து வாங்கி, நான்கு மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் போதும் என்றார். நானோ மூன்று வருடப் படிப்பையும் ஆறு வண்ணத்தில் ஒரு சார்ட்டில் வரைந்து, பேசவேண்டியதை வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். சிரிக்கவேண்டிய இடங்கள் உள்பட.

பட்டியலில் முதல் பெயர் தங்கமணி. எங்கள் பக்கத்தில் இந்தப் பெயர் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. எனக்கே ஒரு தங்கமணி மாமாவும் ஒரு தங்கமணி அத்தையும் இருக்கிறார்கள். அவர்கள் இருவரில் ஒருவராவது அந்தக் காலையில் என் நினைவுக்கு வந்திருக்கலாம்.

கூப்பிட்டதும் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கூடவே, காதோரம் நரைத்த, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். சட்டைப்பையில் பேனா, கையில் புத்தம்புது நோட்டு. எனக்கு எதிரே இருந்தது ஒரே நாற்காலி. அதில் பெண்ணை உட்காரச் சொன்னேன். அவரைச் சுவரோரம் கிடந்த பெஞ்சுக்கு அனுப்பினேன்.

பிறகு பேசினேன். நாற்பது நிமிடம் பேசினேன். வருகைப்பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் குறைந்தால் என்ன ஆகும், அரியர் வைத்தால் என்ன ஆகும், செல்போனே கதி என்று இருந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். காதல் கீதல் என்று படிப்பைக் கோட்டைவிடக் கூடாது என்றேன். அந்தப் பெண் மூன்று முறை, "மேடம், அது வந்துங்க..." என்று ஆரம்பித்தாள். மூன்று முறையும் கையை உயர்த்தி, சந்தேகமெல்லாம் கடைசியில் என்றேன். பெஞ்சில் இருந்தவரோ நான் சொன்னது அத்தனையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இடையிடையே "செரிங்க மேடம், செரிங்க மேடம்" என்றார். இப்படி ஒரு பொறுப்பான தகப்பனார் உண்டா என்று எனக்கே மனம் நெகிழ்ந்துவிட்டது. அவரைக் கைகாட்டி, "அப்பா வேர்வை சிந்தி உன்னைப் படிக்க வைக்கிறார், அதை மறந்துடாதே" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். (கண்ணாடி முன்னால் எனக்கே கண் கலங்கிய இடம் அது.)

நாற்பது நிமிடத்தில் நான் கேட்ட ஒரே கேள்வி, "உனக்கு எது பிடிக்கும்?" என்பதுதான்.

"எனக்குங்களா? எனக்கு கம்ப்யூட்டர்தானுங்க மேடம்" என்றாள்.

விருப்பப்பாடத்தில் கம்ப்யூட்டர் என்று குறித்துவிட்டு, மாணவர் கையொப்பம் என்ற இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினேன். அவள் படிவத்தை எடுத்துக்கொண்டுபோய் பெஞ்சில் இருந்தவரிடம் கொடுத்தாள். அது பெற்றோருக்கான இடம் இல்லை, மாணவருக்கான இடம் என்று நான் பொறுமையாகத் திருத்தினேன்.

"தெரியுமுங்க மேடம். அப்பாதானுங்க ஸ்டூடண்ட்" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். "நாந்தானுங்க தங்கமணி. பொண்ணு போன வருசமே டிகிரி முடிச்சுப்போட்டுதுங்க. இந்தக் காலேஜ்தானுங்க. எனக்குத் துணைக்கு வந்துச்சு."

அந்த அறையில் ஒரு பீரோ இருந்தது. அதற்குள் என்னால் நுழைய முடியுமா என்று ஒரு கணம் உண்மையாகவே அளவெடுத்துப் பார்த்தேன்.

அவருக்கு என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்கவேண்டும். "நீங்க சொன்னதெல்லாம் எனக்கும் உதவுமுங்க மேடம். செல்போன் நான் ஜாஸ்தி பாக்கறதில்லீங்க. அந்தக் காதல் சமாச்சாரத்துக்கு ஊட்டுல ஆள் இருக்குதுங்க" என்றார். கிண்டல் துளியும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும் மாணவனின் பணிவு.

அப்போதாவது படிவத்தை வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கவேண்டும். நான் செய்ததோ வேறு. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஒன்றும் பிரச்சினை இல்லை என்று சொல்லி, மாணவர் இடத்தில் அப்பாவிடமும் பாதுகாவலர் இடத்தில் மகளிடமும் கையெழுத்து வாங்கி, இருவரையும் வெளியே அனுப்பிவிட்டேன். அவர்கள் என் கண் முன்னாலிருந்து போனால் போதும் என்று இருந்தது. படிவத்தையும் உடனே அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்து வந்த மாணவர்கள் எல்லோரிடமும் பேரைக் கேட்டு, மறுபடியும் கேட்டு, அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்தேன். ஒரு பையன் பயந்தேபோனான்.

மதியம் மூன்று மணிக்கு அந்தப் பெண் மட்டும் திரும்பி வந்து வாசலில் நின்றாள். பெயர் சௌமியா. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய அப்பா போத்தனூரிலிருந்து போய் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறார். தினமும் மதியம் இரண்டரை மணி ஷிஃப்ட். காலையில் வகுப்பு, மதியம் வேலை என்று கணக்குப் போட்டுத்தான் கல்லூரியில் சேர்ந்தார். தனித்தேர்வராக ப்ளஸ் டூ எழுதித் தேறியவர். டிகிரி இல்லை என்று அவருக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் பதவி இரண்டு முறை கைநழுவிப் போயிருந்தது. இப்போது நான் குறித்துக் கொடுத்த கம்ப்யூட்டர் பாடத்தின் லேப், வாரத்தில் மூன்று நாள், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை.

"அப்பாகிட்ட, மேடத்துகிட்டச் சொல்லி மாத்திக்கலாமுன்னு சொன்னேனுங்க. இதுக்கு மேல கேட்டா மேடம் சங்கடப்படுவாங்கன்னுட்டாங்க. ராத்திரி ஷிஃப்ட்டு வாங்கிக்கறாங்களாமுங்க. அப்புறம் எப்பத் தூங்குவாங்க, மேடம்?"

நான் சங்கடப்படக்கூடாது என்று ஒரு மனிதர் மூன்று வருடத் தூக்கத்தை விடத் தயாராக இருந்தார். காலையில் பட்ட வெட்கமெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அவர் எங்கே என்று கேட்டேன். லீவு போட்டிருந்தவர் கல்லூரி வாசலுக்கு எதிர் டீக்கடையில் இருந்தார். செருப்புவார் அறுந்ததைக்கூடக் கவனிக்காமல் ஓடினேன்.

என்னைப் பார்த்ததும் டீ டம்ளரோடு எழுந்து நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டே, காலையில் கேட்டிருக்கவேண்டியதைக் கேட்டேன். "உங்களுக்கு என்ன படிக்கணும்னு ஆசைங்க?"

டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு லிஸ்ட்டுல பார்த்தேனுங்க. அது இருந்தாத் தேவலைங்க" என்றார்.

அந்தப் பாடம் காலையில்தான். நேரம் மூன்றரை. அலுவலகத்துக்கு ஓடினால், கண்காணிப்பாளர் அம்மா படிவம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது என்றார். மாற்றவேண்டுமானால் காரணத்தை எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும். 'கவனக்குறைவால்' என்று எழுதினேன். யாருடைய கவனக்குறைவு என்று கேட்டார். 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று மாற்றினேன். காரணம் என்ன என்றுதானே கேட்கிறேன் என்றார். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, மூன்றாவது தாளில் இப்படி எழுதினேன்: 'ஐயா, மேற்படி மாணவரின் மகளை மாணவர் என்று நான் கருதிவிட்டதால், மகளின் விருப்பப்பாடம் தந்தையின் படிவத்தில் பதிவாகிவிட்டது.'

முதல்வர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"எவ்வளவு நேரம் பேசுனீங்க?"

"நாற்பது நிமிஷம் சார்."

"நாற்பது நிமிஷத்துல ஒரு கேள்விகூடக் கேக்கலையா?"

"கேட்டேன் சார். மகள்கிட்ட."

அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. திரும்பியபோது பழைய முகத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தங்கமணி மூன்று வருடத்தையும் ஓர் அரியர்கூட இல்லாமல் முடித்தார். வகுப்பில் முதல் பெஞ்ச். மதியம் ஒன்றரைக்கு மணி அடித்ததும் டிபன் டப்பாவோடு பஸ்ஸுக்கு ஓடுவார். தொழிலாளர் சட்டத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவருக்குத்தான். பட்டம் வாங்கிய மறுவருடம் சூப்பர்வைசர் ஆகி, ஒரு பெட்டி மைசூர்பாவோடு துறைக்கு வந்தார். நான் பழைய மன்னிப்பை மறுபடி கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை. எனக்கு அது தேவைதான்.

இந்தக் கதையைக் கல்யாணம் ஆன புதிதில் கணவரிடம் சொன்னது நான் செய்த அடுத்த தவறு. சென்ற வருடம் எங்கள் மகனை யு.கே.ஜி.யில் சேர்க்கப் போனோம். தலைமை ஆசிரியை மூன்று பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். என் கணவர் அவசரமாக முன்னால் சாய்ந்து, மகனின் தோளில் கை வைத்து, "மேடம், படிக்கப்போறது இவன்தானுங்க. நாங்க ரெண்டு பேரும் இல்லீங்க" என்றார்.

தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெற்றோரின் கல்வித்தகுதி என்ற இடத்தை இன்னொரு முறை நிதானமாகப் படித்தார்.