எட்மண்டனுக்கு நாடு கடந்த ஜெனரல்

ஒரு குதிரையிலயும் ஏறாமல், ஒரு வெடியும் வைக்காமல், ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை வைச்சே ஸ்பெயின் நாட்டுச் சரித்திரம் முழுக்க நடத்திக் காட்டின மனிசன் உலகத்தில ஒராள்தான். அவர் லண்டனில எங்கட கோலியர்ஸ் வுட்டில இருந்தவர். சொந்தப் பேர் அவற்ற பாஸ்போட்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் ஜெனரல்.

ஊரில தபால் கந்தோரில முத்திரை குத்தினவர். எண்பதுகளில இஞ்ச வந்து தளபாடக் கடையொண்டில செக்கியூரிட்டி வேலை. தொப்பி, நீலக் கோட்டு, முகம் பாக்கிற மாதிரிச் சப்பாத்து. சோபாவைத் தூக்கிக்கொண்டு ஆர் ஓடப்போறான்? ஆனா மனிசன் வாசலில நிக்கிற நிலையைப் பாத்தால் எல்லைக் காவல்தான்.

அவர் வாடகைக்கு இருந்தது ஒரு ஸ்பானியக் கிழவி வீட்டில. கிழவியின்ர சுவரில ஒரு படம்: முதல் மீசை தெரியும், பேந்து குதிரை தெரியும், அதுக்குப் பிறகுதான் ஜெனரல் தெரிவார். ஞாயிற்றுக்கிழமையில கிழவி அந்த ஜெனரலின்ர கதையைத் தன்ர அரை இங்கிலீசில சொல்ல, இவர் தன்ர அரை இங்கிலீசில கேக்க, திங்கட்கிழமை அது முழுத் தமிழில எங்கட தலையில விழும்.

"வண்டில் செய்யிற ஆளின்ர மகன், தங்கச்சி. வீட்டில சாமியாராக்கப் பாத்தவை. பட்டாளத்துக்கு ஓடிட்டார். சண்டையெல்லாம் வெண்டு அரசியலுக்கு வந்தார். ராணி சின்னப்பிள்ளை எண்டு அவவுக்குப் பதிலா நாட்டையே ஆண்டார். பேந்து கலைச்சுப் போட்டாங்கள். எங்க வந்தார், சொல்லு பாப்பம்?"

"எங்க அண்ணை?"

"இஞ்ச! லண்டனுக்கு! எங்களைப்போல அகதியா!"

"கவுன்சில் வீடு கிடைச்சதோ?" எண்டு கேட்டன். ரெண்டு கிழமை என்னோட கதைக்கேல்லை.

அந்த நேரம் பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்க ஒரு சேர்ச் ஹோலை எடுத்து நடத்தினனாங்கள். அதின்ர தலைவர் மைக்கைப் பிடிச்சால் விடமாட்டார். ஒரு நாள் அவர் ஆதியில தமிழன் எப்பிடி இருந்தான் எண்டு தொடங்கினார். ஒரு மணித்தியாலம் போச்சு, தமிழன் இன்னும் கப்பலேறேல்லை, தேத்தண்ணி ஆறிப்போச்சு. திடீரெண்டு ஜெனரல் கதிரைக்கு மேல ஏறினார். கோட்டுப் பைக்குள்ள இருந்து ஒரு பேப்பரை எடுத்து வாசிச்சார்.

"இண்டையில இருந்து தேத்தண்ணி முதல், பேச்சுப் பிறகு! பேச்சு அஞ்சு நிமிசம்!"

ஹோல் இடியிற மாதிரிக் கைதட்டு. பழைய தலைவர் தானே மைக்கைக் குடுத்திட்டார். "ஸ்பெயினில உப்பிடித்தான் ஆட்சி மாறுறது," எண்டார் ஜெனரல், கதிரையால இறங்கத் தெரியாமல். நாலு பேர் பிடிச்சு இறக்கினது.

அவற்ற ஆட்சியைப் பற்றிக் கேளுங்கோ. விசில் ஊதித்தான் அரிச்சுவடி. பிந்தி வாற தாய் தேப்பனுக்கும் வரிசை. நான் வடைத் தட்டத்தோட வரிசையில நிண்டனான். எண்டாலும் பள்ளிக்கூடம் மணிக்கூடு மாதிரி ஓடினது.

பிறகு ஆண்டுவிழா வந்தது. ஜெனரல் நன்றியுரை. கூட்டின ஆளுக்கு நன்றி, மைக்குக்கு நன்றி, மழை பெய்யாததுக்கு நன்றி, ஸ்பெயினுக்கும் நன்றி. விடிய எழும்பி நானூறு உளுந்து வடை சுட்ட எனக்கு? ஒண்டுமில்லை! பேப்பரை மடிச்சுப் பைக்குள்ள வைச்சிட்டு இருந்திட்டார்.

எங்கட ஆக்கள் காணி உறுதியில பேர் விடுபட்டாலும் பொறுப்பினம், நன்றியுரையில விடுபடக்கூடாது. அரைவாசிச் சங்கம் உடைஞ்சது அதாலதான். நான் என்ன செய்தன்? அடுத்த கூட்டத்துக்கு வடை சுடேல்லை, அவ்வளவுதான். வெறுந்தேத்தண்ணியோட ஆர் ஜெனரலுக்குக் கை தூக்குவினம்? அவரை மாத்தவேணும் எண்டு எல்லாரும் ஒரு கை தூக்கிச்சினம். நான் ரெண்டு கையும் தூக்கினன்.

அந்த மாதமே வீட்டைக் காலி செய்தார். கிழவி படத்தை அவருக்கே குடுத்திட்டா. மினிகாப்பில, மடியில குதிரையோட இருந்தார்.

"அவரையும் உப்பிடித்தான் கலைச்சவங்கள், தங்கச்சி. லண்டனுக்கு."

"நீங்கள் லண்டனிலதானே இருக்கிறியள் அண்ணை?"

"அதாலதான் எட்மண்டன்."

எட்மண்டனும் லண்டன்தான், ஆனா வடக்கு அந்தம். அவர் போக, பள்ளிக்கூடம் நாறிப்போச்சு. மூண்டு வருசத்தில நாலு தலைவர். கதிரையள் அடுக்கப்படேல்லை, பேச்சுகள் முடியேல்லை. கடைசியில ஹோலுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரி வந்து, ஒரு சனிக்கிழமைதான் தவணை, திருந்தாட்டில் ஹோலைப் பூட்டித் திறப்பைத் தாங்கோ எண்டிட்டா. வேற ஹோல் ஒண்டும் கிடைக்கேல்லை. பிள்ளையள் எங்க போய்ப் படிக்கிறது?

எட்மண்டனுக்கு வெளிக்கிட்டனாங்கள். வடையோட நான் முன்னுக்கு.

ஆள் கவுன்சில் குடுத்த தோட்டத் துண்டில நிண்டார். வெங்காயமும் கீரையும் இடைவெளி அளந்து அணிவகுத்து நிண்டது.

"வாங்கோ அண்ணை, திரும்பத் தலைவரா இருங்கோ," எண்டு கேட்டம்.

முகம் முழுக்கச் சிரிப்பு. "கேட்டு வருவியள் எண்டு தெரியும். நான் வெளிக்கிட முதல், கடைசி ஞாயிறு, கிழவி சொன்னவ. எல்லாம் விட்டுட்டுத் தோட்டத்தோட இருந்த அந்தப் படத்து மனிசனிட்டைப் போய், வந்து ராசாவா இருங்கோ எண்டு கேட்டவையாம். வேண்டாம் எண்டிட்டாராம். நானும் மாட்டன். ஆனா ஒரு நாளைக்கு வாறன்."

தவணை நாள் அதே தொப்பி, அதே நீலக் கோட்டோட வந்தார். விசில் ஊதினார். பத்து நிமிசத்தில ஹோல் கூட்டியாச்சு, கதிரை அடுக்கியாச்சு, பிள்ளையள் வரிசையில. வெள்ளைக்காரியும் தன்னையறியாமல் வரிசையில நிண்டா. திறப்பு எங்களோட இருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவ.

பிறகு மைக்கைக் கேட்டார். பைக்குள்ள இருந்து மஞ்சளாப்போன பேப்பர் ஒண்டை எடுத்து என்னட்டை நீட்டினார். அந்த ஆண்டுவிழா நன்றியுரை. திருப்பிப் பாத்தன். மற்றப் பக்கத்தில, பெரிய எழுத்தில, தனியா, என்ர பேர்.

"அண்டைக்குப் பக்கத்தைத் திருப்ப மறந்திட்டன், தங்கச்சி."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"ஜெனரல் சாட்டுச் சொல்லலாமோ?"

பேப்பரைத் திருப்பி வாங்கி, மைக்கைப் பிடிச்சு, மிச்சப் பக்கத்தை அப்பதான் வாசிச்சார்.

அதுக்குப் பிறகு எத்தினையோ தலைவர்மார் வந்து போட்டினம். ஜெனரலும் இப்ப இல்லை. எனக்கெண்டால் இண்டைக்கும் தலைவர் அவர்தான். வேணுமெண்டால் எண்ணிக்கொள்ளுங்கோ, ரெண்டு கையும் தூக்கித்தான் வைச்சிருக்கிறன்.