வெள்ளி இரவு எந்த இரவு?

ஒளியையும் இருளையும் படைத்து, ஒன்றன்பின் ஒன்றாக நம் வாசலுக்கு அனுப்பிவைக்கும் வல்ல நாயனுக்கே எல்லாப் புகழும்.

மஸ்கட்டில் வாழும் மதிப்பிற்குரிய சம்பந்தி ஸாஹிர் பின் நப்ஹான் அவர்களுக்கு, நிஸ்வாவிலிருந்து கல்ஃபான் பின் முஹன்னா எழுதிக்கொள்வது. உங்கள் மீதும் உங்கள் இல்லத்தார் மீதும் சாந்தி நிலவுக. இங்கே நானும் என் மனைவியும் மகள் ஸுவைனாவும் நலம். ஆடு மட்டும் நலமில்லை, அதைத் தின்றாயிற்று.

அழைப்பில் 'நிக்காஹ், வெள்ளி இரவு' என்று என் கையாலேயே எழுதினேன். எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் அடுத்த நாள் பிறந்துவிடும்; பிறை தென்படுவது அப்போதுதான், மாதமே அங்கே தொடங்கும்போது நாள் வேறெங்கே தொடங்கும்? ஆகவே வியாழன் மாலைச் சூரியன் மறைந்ததும் வெள்ளி இரவு வந்துவிட்டது, காஜியார் வந்துவிட்டார், ஊர் வந்துவிட்டது, குழியில் வெந்த ஆடும் மேலே வந்துவிட்டது, மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. "மாப்புள்ள கப்பலேறிட்டாராம்ல?" என்று பக்கத்து வீட்டு ஸைஃப் என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டு இரண்டாம் முறை சோறு வாங்கினார். மறுநாள் மாலை, நாங்கள் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, நீங்கள் மேளதாளத்தோடு வந்து இறங்கினீர்கள். "பொண்ணு வீட்டுல வெளக்குகூட ஏத்தலயே!" என்று உங்கள் துணைவியார் கேட்க, "நேத்தே ஏத்தி அணைச்சாச்சு" என்று என் மனைவி சொல்ல, அதன்பின் இருவரும் பேசியவற்றை எழுத என் பேனா நாணுகிறது. "ராவு எது பகல் எதுன்னு தெரியாத வீட்டுல சம்பந்தமே வேணாம்" என்று நீங்கள் திரும்பிப் போனீர்கள். அன்றுமுதல் ஸுவைனா மருதாணிக் கைகளை மடியில் ஒளித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

இன்று மதியம் உங்கள் மகன் மாஜித் தனியே வந்தார். பூகோள ஆசிரியராயிற்றே! "மாமா, ராவும் பகலும் எப்படி வருதுன்னு பாத்துட்டு அப்புறம் திட்டுங்க" என்று ஜன்னல்களைச் சாத்தி, விளக்கேற்றி, என்னை முக்காலியில் அமர்த்தினார். என் தலைதான் பூமியாம், மூக்குதான் நிஸ்வாவாம். "வெளக்கு நகராது. நீங்க இடப்பக்கமா மெதுவா திரும்புங்க." திரும்பினேன். மூக்குக்கு நேரே விளக்கு இருந்தது நண்பகல், அது வலக்காதுக்கு வந்தபோது மூக்கில் வெளிச்சம் மங்கிற்று, அது அந்தி, பிடரிக்குப் போனபோது நள்ளிரவு, இடக்காதில் விடியல்.

"அப்போ சூரியன் எங்கயும் போகலையா?"

"இல்ல மாமா. நாமதான் திரும்பிக்கிறோம்."

"பூமி இந்தச் சுத்து சுத்துதுன்னா என் காப்பி ஏன் சிந்தல?"

"கப்பல் போறப்ப கோப்பையும் கூடவேதான போகுது?"

சூரியன் மறையும் துயரைப் பாடிய செய்யுள்களை எல்லாம் மனனம் செய்தவன் நான். அது மறைந்ததே இல்லை என்றறிந்து, படைத்தவனின் கைவண்ணத்தை வியந்து, இன்னொரு சுற்றும், ஆசை தீராமல் மற்றொரு சுற்றும் சுற்றி, தலைப்பாகை அவிழ்ந்து, அல்வாத் தட்டில் விழுந்தேன்.

எழுந்ததும் விட்டேனா? "நாள் பொறக்குறது வலக்காதுல" என்றேன். "பிடரியில" என்றார் அவர். கதவுக்கு அப்பாலிருந்து ஸுவைனா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாப்பா, சுத்துற உருண்டைக்கு ஏது தொடக்கம்? ஆளுக்கொரு இடத்துல கோடு போட்டுட்டு அடிச்சுக்கிறீங்க. கல்யாணத்த மூக்குல வச்சுக்குங்க, அங்க ரெண்டு பேருக்கும் ஒரே கெழமதான்" என்றாள். உண்மைதானே! நண்பகலில் உங்கள் கணக்கும் எங்கள் கணக்கும் ஒன்றே.

ஆகையால் நாளை மறுநாள் உச்சிப்பகலில் நிக்காஹ். இன்னொரு ஆட்டுக்கும் காஜியாருக்கும் சொல்லிவைத்தாயிற்று. விளக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் நாம்தாம். தயைகூர்ந்து இந்தப் பக்கம் திரும்புங்கள். விடிந்ததும் மாஜித்தே இக்கடிதத்தைக் கொண்டுவருவார். இறைவன் உங்கள் இல்லத்தில் ஒளி குன்றாமலும், அடுப்பு அணையாமலும், பிள்ளைகள் குளிர்ந்த கண்களோடும் வாழச் செய்வானாக.

இப்படிக்கு,
கல்ஃபான் பின் முஹன்னா

பி.கு.: கையொப்பமிடும்போதே பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு ஒலித்துவிட்டது. எழுதத் தொடங்கியது திங்கள். இப்போது எங்களுக்குச் செவ்வாய். எனவே மேலே 'நாளை மறுநாள்' என்றிருப்பதை 'நாளை' என்று திருத்திக்கொள்ளவும். மாஜித், இன்னும் திங்கள்தான், திருத்தவே கூடாது என்கிறார். பேனாவை ஸுவைனா பிடுங்குகி

மாமா, மாமி, புதன்கிழமை, வெயில் தலைக்கு மேல நிக்கிறப்ப வந்துருங்க. வாப்பா எழுதுன நாள் எதையும் நம்பாதீங்க. அல்லாஹ் உங்க வீட்டுக்கு பரக்கத் செய்வான்.